பூட்டிய பிராசசரும் பாதியில் நின்ற கபூலும்

இணையத்தில் நாலு வீடியோ பார்த்தவனுக்கு வரும் திமிர், அந்தப் பொருளைத் தயாரித்தவனுக்குக்கூட வராது. எனக்கு வந்தது. அப்போது இருபத்து மூன்று வயது. தொண்டியில் கம்ப்யூட்டர் நிபுணன் என்று சொல்லித் திரிந்தேன் (விண்டோஸ் ஏற்றத் தெரியும், அவ்வளவுதான்).

தங்கைக்கு நிக்காஹ். குவைத்தில் இருந்த காக்காவுக்கு (அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) லீவு கிடைக்கவில்லை. நேரலையில் பார்க்க ஆசைப்பட்டார்.

"போன்லயே காட்டுடா, போதும்" என்றார் உம்மா.

போனிலா? என்னை வைத்துக்கொண்டா? கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்து சினிமா மாதிரி காட்டுவதாக அறிவித்தேன்.

முதல் நாள் சோதித்தபோது படம் விட்டுவிட்டு வந்தது. தரத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தால் சரியாகியிருக்கும். மேதைகள் எதையும் குறைப்பதில்லை. என்னுடையது பூட்டிய பிராசசர். குறித்த வேகத்துக்கு மேல் ஓடாதபடி கம்பெனியே கட்டிப்போட்டிருக்கும். ஆனால் சில புது மதர்போர்டுகளில் அடிப்படைக் கடிகார வேகத்தை ஏற்றி அந்தப் பூட்டை ஏமாற்றலாம் என்றது ஒரு வீடியோ. நூறில் இருந்ததை நூற்றுப் பன்னிரண்டாக்கினேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த பிராசசரை வடிவமைத்தவர்கள் அத்தனை பேரும் மடையர்கள் என்று ஐந்தே நிமிடத்தில் முடிவுசெய்தேன். (அந்த ஐந்து நிமிடமும் ஏ.சி. அறையில் கழிந்தது என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.)

மறுநாள் மண்டபத்தில் ஏ.சி. இல்லை. பதினோரு மணி வெயில், கடற்காற்றும் நின்றுபோயிருந்தது. குவைத்தில் காக்கா புதுச்சட்டை போட்டு, அறைத் தோழர்களையும் கூட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். நிக்காஹ் நடத்திவைக்கும் ஆலிம்சா சம்மதம் கேட்டார். 'கபூல்' (ஏற்றுக்கொண்டேன்) என்று சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்தார். கம்ப்யூட்டர் உறைந்தது.

உடனே போன் வந்தது. "என்னடா, மாப்பிள்ளை வாயத் தொறந்தபடியே இருக்காரு. சம்மதமா, இல்லையா?"

"ஒரு நிமிஷம் காக்கா."

நிறுத்திப் போட்டேன். கறுப்புத் திரை. மறுபடி போட்டேன். அதே கறுப்பு. சமையல்காரரிடம் கத்தி வாங்கிப் பெட்டியைப் பிரித்து, நான் மாற்றியதெல்லாம் அழியட்டும் என்று மதர்போர்டின் வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பழைய வேகத்துக்குத் திரும்பிப் படம் வந்தபோது எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் காக்கா.

"முடிஞ்சிருச்சு காக்கா."

அறைத் தோழர்களிடம் "முடிஞ்சிருச்சாம்" என்று அவர் சொல்வது கேட்டது. பிறகு, "சரி, தங்கச்சிக்கிட்ட போனைக் குடு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோடு நான் பேசிக்கொண்டிருந்த அதே போனின் கேமராவை மேடைப் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கலாம் என்பது நிபுணனுக்கு மறுநாள்தான் உறைத்தது.

இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்த காக்கா, விருந்துக்கு உட்காருமுன் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இன்னும் எங்கிட்டச் சொல்லல." மாப்பிள்ளை கைக்குழந்தையை இறக்கிவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, "கபூல்" என்றார். வீடே சிரித்தது. காக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் எங்கள் குடும்ப நிக்காஹ்களில் எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் வேலைதான். அதையும் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் ஒப்படைக்கிறார்கள்: "வேகத்த ஏத்தாம, இருக்கபடியே குடு."