ஏழாம் இடத்துக்குப் போட்ட நான்கு டயர்கள்

ஹால்வர்சன் ஏரி, ஏழாம் இடம்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி வெஸ்லிக்கு,

அக்கா கிரெட்சன் எழுதுவது. நானும் உன் அத்தான் ஆர்லனும் சௌக்கியம். உனக்குப் பொருத்திய புது முழங்காலும், அதைச் சுற்றியிருக்கும் பழைய வெஸ்லியும் அதேபோல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரிக் காபி தண்ணீராக இருக்கிறது என்று நீ புலம்புவதாக நர்ஸ் சொன்னாள். புலம்பும் அளவுக்குத் தெம்பு வந்ததில் மகிழ்ச்சி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் டயர் என்ற சொல் காதில் விழுந்ததும் நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் நீ கீழே வைக்கலாம், ஆனால் அது மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் நல்ல செய்தி. ஏழாம் இடம் இன்னும் உன்னுடையதுதான். மயக்கம் தெளிந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி கால் இருக்கிறதா என்பதல்ல, "அக்கா, ஏழாம் நம்பர் என்னாச்சு?" என்பதுதான். நான் வாக்குக் கொடுத்தேன். மே மாதக் கடைசி நீண்ட விடுமுறையில், வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தன் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தாதவன் இடத்தை இழப்பான் என்பது ஏரிக்கரை விதி. தண்ணீருக்குப் பக்கத்தில், மேப்பிள் நிழலில் இருக்கும் உன் இடத்துக்கு எத்தனை பேர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பது சங்கத் தலைவர் ஆர்விட்டுக்குத்தான் தெரியும். பவுலா உன்னை விட்டுப் போன வருஷத்தில் உன்னைத் தூக்கி நிறுத்தியது அந்த இடம்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒப்புக்கொண்டேன். மற்றபடி, வீட்டை விட்டு நாலு நாள் வெளியே போவதே வீட்டிலிருந்து தப்பிக்கத்தான், அதில் அடுப்பையும் படுக்கையையும் கழிப்பறையையும் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவானேன் என்ற என் கருத்து மாறவில்லை.

நீ சொன்ன அடையாளம் எனக்கு மனப்பாடம். ஊருக்கு வெளியே குளிர்காலத்துக்கு வண்டிகளை விடும் மைதானம், மூன்றாவது வரிசை, கடைசி வண்டி, வெள்ளை உடம்பு, பழுப்புக் கோடு. போனேன். மூன்றாவது வரிசையின் கடைசியில் வெள்ளை உடம்பும் பழுப்புக் கோடுமாக நின்றது. சாவியைப் போட்டேன், ஒரே திருப்பில் திறந்தது. குனிந்து டயரைப் பார்த்தேன். அங்கேதான் நம் உறவில் விரிசல் விழுந்தது. "டயரைத் தொடாதக்கா, ரெண்டு வருஷம்கூட ஆகல, வெயில் படாம உறை போட்டு வெச்சிருக்கேன்" என்றாய். உறையும் இல்லை, உண்மையும் இல்லை. மேற்பரப்பு புதிதுபோலத்தான் இருந்தது, அதைப் பார்த்துதான் நீ ஏமாந்திருக்க வேண்டும். ஆனால் பக்கச்சுவரில் வறண்ட குளத்தின் அடிமண் மாதிரி வெடிப்பு. நான் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். யார் என்ன சொன்னாலும் மூல ஆதாரத்தைப் பாருங்கள் என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளிடம் கத்துகிறவள். சேற்றில் மண்டியிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, டயரில் பொறித்திருந்த குட்டி எண்களைப் படித்தேன். எந்த வாரம், எந்த வருஷம் பிறந்தது என்று அதில் இருக்கும். பன்னிரண்டு வயது! ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறேழு வயதுக்கு மேல் டிரெய்லர் டயரை நம்பக்கூடாது என்பது எனக்கே தெரியும்போது, உனக்கு ஏன்டா தெரியாமல் போச்சு?

டயர் மாற்ற வேண்டும் என்று ஆர்லனிடம் சொன்னது நான் செய்த பிழை. அவர் ஒரு இணையக் குழுவில் சேர்ந்தார். டிரெய்லர் டயரைப் பற்றிப் பேசுவதற்கென்றே மனிதர்கள் கூடும் இடம் அது. ஒருவர் தன் டயர் நெடுஞ்சாலையில் வெடித்த கதையைச் சொன்னால், அடுத்தவர் காற்றுக் குறைவு என்கிறார், மூன்றாமவர் காற்று அதிகம் என்கிறார், நாலாமவர் கடவுள் சித்தம் என்கிறார். சாப்பாட்டு மேசையில் எனக்குத் தினமும் செய்தி அறிக்கை. "சி வேணாம் கிரெட்சன், ஈ போடுவோம். லாரி டயர் மாதிரி கிண்ணுனு நிக்கும்." சி, டி, ஈ என்பது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான எழுத்து. பாரம் எவ்வளவு என்று முதலில் தெரியவேண்டாமா என்றேன். நத்தை வேகத்தில் வண்டியை ஊர் தானியக் கிடங்குக்கு ஓட்டிப்போய் எடைமேடையில் ஏற்றினோம். அங்கிருந்தவர் பழக்க தோஷத்தில் "சோளமா, சோயாவா?" என்றார். "என் தம்பி" என்றேன். நீ சொன்ன எடையைவிட எக்கச்சக்கம்.

ஏன் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். வெஸ்லி, நான் பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் அல்ல. டப்பாவிலிருந்தே கரண்டி போட்டுச் சாப்பிடுகிற என் தம்பியின் வண்டியில் இரும்புத் தோசைக்கல் மாதிரி கனமான வாணலிகள் மூன்று, ஒரு தையல் மிஷின், பூவேலை செய்த திரைச்சீலை, அலமாரி நிறைய வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டில்கள். கதவுக்குப் பின்னால் ரோஜா நிறத்தில் ஒரு குளியல் அங்கி. அது உன் அளவு இல்லை. நான் யாரென்று கேட்கவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பவுலாவுக்குப் பிறகு நீ தனியாகக் கிடந்து வாடுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு கைகாரி உனக்குக் கிடைத்திருப்பதை அக்காவிடம் சொல்ல உனக்கு என்ன கூச்சம்?

டயருக்கு வருகிறேன். முதல் கடையில் இருந்தவர், "காருக்குப் போடறதயே போடுங்கம்மா, உருண்டை எல்லாம் உருண்டைதானே?" என்றார். ஆர்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டிரெய்லருக்கென்று செய்த டயர்தான் வேண்டும், கார் டயரின் பக்கச்சுவர் நெளிந்து கொடுத்தால் வண்டி வால் ஆட்டும் என்று அவர் நின்ற இடத்திலேயே பிரசங்கம் செய்தார். இரண்டாவது கடையில் சரியான டயர் இருந்தது, ஆனால் மூன்றுதான். "நாலாவதுக்கு வேற கம்பெனி போட்டுக்கலாம், கறுப்புப் பாலிஷ் தடவினா யாருக்குத் தெரியும்?" என்றார் கடைக்காரர். மூன்றாவது கடையில் நாலும் இருந்தன. பெட்டியில் கிடந்தே கிழடாகிவிட்டனவா என்று நான் ஒவ்வொன்றின் பிறந்த வாரத்தையும் படித்தேன். "கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கிறீங்களா?" என்றார் அவர். ஆர்லன் கடைசி நிமிஷத்தில் மறுபடி ஈ என்று ஆரம்பித்தார். அதற்கு வேண்டிய காற்றழுத்தத்தை உன் ரிம் தாங்குமா என்று கேட்டேன். ரிம்மின் உட்புறத்தில் பொறித்திருந்ததை டார்ச் அடித்துப் பார்த்தோம். தாங்காது. அகலமாவது கொஞ்சம் கூட்டலாம் என்றார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் என் கை நுழையவில்லை. எடைமேடை சொன்ன எடைக்கு டி போதும், பழைய அளவே போதும் என்று முடிந்தது. வால்வையும் உலோகத்தில் மாற்றினோம். ஆர்லன் அன்றிரவு சோகமாக இருந்தார், குழுவில் எழுத இனி ஒன்றும் இல்லையே!

டயர் மாற்றிச் சக்கரத்தை மாட்டினால், ஐம்பது மைல் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். அதைச் செய்யச் சோளக்காட்டு ஓரமாக நிறுத்தினேன். நம் ஊர்க்காரர்கள் உனக்குத் தெரியாதா? உதவி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் இறங்கி, டயரை ஒரு உதை உதைத்து, தன் மைத்துனருக்கு டயர் வெடித்த கதையைச் சொல்லி, "அப்ப சரி, கிளம்பறேன்" என்று சொன்ன பிறகும் கிளம்பாமல் நின்றார்கள். இடம் பறிபோனால் இவர்களுடைய நல்ல மனசால்தான் போகும் என்று பயந்து, கடைசி ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் காரில் ஏறிவிட்டேன்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் ஏரியை அடைந்தோம். டிரெய்லரைப் பின்னுக்கு ஓட்டி இடத்தில் சொருகுவது அங்கே இலவச நாடகம் அல்லவா? மடக்கு நாற்காலியோடு எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆர்லன் விமானத்தை இறக்குவதுபோல் கைகளை வீசினார். ஆர்விட் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "டீச்சரம்மா, இடப்பக்கம் ஒடிங்க. இல்ல, அந்த இடம் இல்ல. மரத்தோட சம்பந்தம் பண்ணிக்கப்போறீங்களா?" என்றார். மூன்றாவது முயற்சியில் உள்ளே போனது. ஆர்விட் எழுந்து வந்து புது டயரை உதைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். "மோசமில்ல" என்றார். நம் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு மனிதனைப் புகழ வார்த்தை கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

ரோஜா அங்கி விஷயத்தை நான் ஆர்லனிடம் மட்டும்தான் சொன்னேன். ஆர்லன் ஆர்விட்டிடம் மட்டும் சொன்னார். நேற்று மாலை கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷும் எலுமிச்சைப் பலகாரமுமாக எல்லோரும் கூடியபோது, உனக்கும் அவளுக்குமாக ஏரிக்கரை முழுக்கக் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் போட்ட ஊறுகாய் பிரமாதம் என்று எல்லோரும் சொல்லச் சொன்னார்கள். இன்னும் ஒரு பாட்டில்தான் பாக்கி.

ஆகவே, தம்பி, முடிவாக ஒன்று சொல்கிறேன். நான் இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு வயது டயரில் நீயும் அந்த நல்ல பெண்ணும் சேர்ந்து சாலையோரப் பள்ளத்தில் கிடந்திருப்பீர்கள். இனிமேலாவது பெரியவர்கள் சொன்னால் போனை வைக்காதே. முழங்காலை மடக்கிப் பழகு, நர்ஸிடம் மரியாதையாக நட. ஆண்டவர் உன்னையும் உன் ரிம்களையும் காப்பாராக. அத்தான் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார், கூடவே டயர் அழுத்தத்தைக் காலைக் குளிரில்தான் பார்க்க வேண்டும் என்றும் சொல்லச் சொன்னார்.

உன் அன்பு அக்கா,
கிரெட்சன்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. என் வயதுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பெண் இறங்கினாள். பெயர் லவோன், மைதானத்தில் விசாரித்துக்கொண்டு வந்தவள். "என் வண்டியத் திருடிட்டு வந்த டீச்சர் நீங்கதானா?" என்று மிக மரியாதையாகக் கேட்டாள்.

மூன்றாவது வரிசை என்று நீ சொன்னது ஆபீஸ் பக்கத்திலிருந்து. நான் எண்ணியது ரோட்டுப் பக்கத்திலிருந்து. சாவி திறந்ததே என்றேன். "அந்தச் சாவி பாதி ஊர் டிரெய்லரைத் திறக்குமேம்மா, இது தெரியாதா?" என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. டயரில் பொறித்த குட்டி எண்ணை மண்டியிட்டுப் படித்தவள், வண்டியின் முதுகுப்பக்கம் பெரிதாக மாட்டியிருந்த நம்பர் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாணவர்களிடம் சொல்லிவிடாதே.

போலீஸைக் கூப்பிடுவாள் என்று நின்றேன். அவளோ வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, டயரை உதைக்காமல் கையால் தடவினாள்.

"புதுசா? என்ன எழுத்து?"

"டி" என்றார் ஆர்லன்.

"ரிம் தாங்குமா?"

"பாத்துட்டோம்."

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "என் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து ஒவ்வொரு வசந்தத்துலயும் சாமானெல்லாம் ஏத்தி வெப்பேன். அப்புறம் டயரைப் பாப்பேன். யாரக் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. மறுபடி எல்லாத்தையும் இறக்கி வெச்சிருவேன். ஏரியப் பாத்தே எத்தன வருஷமாச்சு!" என்று சொல்லி அழுதாள், பிறகு ஆர்லன் கையிலிருந்த முள்கரண்டியைப் பார்த்தாள். அதன் நுனியில் கடைசி பாட்டிலின் கடைசி வெள்ளரிக்காய் இருந்தது. "எப்படி இருக்கு?" என்றாள். "மோசமில்லீங்க" என்றார் ஆர்லன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து இடத்துக்காரர்கள் எல்லாம் நாற்காலியோடு வந்துவிட்டார்கள்.

ஆர்விட்டும் வந்தார். நண்பகலுக்குள் நின்றது உன் வண்டி அல்ல என்பதால் ஏழாம் இடம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆர்விட் வெகுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "விதிப்படி குடும்பத்தார் வண்டி நின்னாலும் செல்லும், டீச்சரம்மா. இந்தம்மா குடும்பம்னு நேத்தே நாங்க அட்டையில கையெழுத்துப் போட்டுட்டோம். அடிச்சு எழுத முடியாது. சங்கத்தோட ஜூலைக் கூட்டம் வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்." லவோன் காது வரைக்கும் சிவந்தாள், ஆனால் மறுக்கவில்லை. அதுவரை வண்டி இங்கேயே நிற்கட்டும், தானும் இங்கேயே இருக்கிறேன் என்கிறாள்.

ஆக, ஏழாம் இடத்தை ஜூலை வரை நான் காப்பாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு உன் சாமர்த்தியம். செவ்வாய்க்கிழமை அவள் உன்னைப் பார்க்க வருகிறாள். தாடியை எடு. மேலே உன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். மைதானத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்: ஆபீஸ் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில், கடைசியில், உன் வண்டி பத்திரமாக நிற்கிறது. டயர் புதுசு, நாலுக்கும் உறை போட்டிருக்கிறது. அவள் வந்ததும் வேறு எதையும் உளறாமல் முதலில் அதைச் சொல்.