பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சனியைக் காட்டிய கதை

திண்டிவனத்தில் இருக்கும் மச்சான் பூவரசனுக்கு,

கோலியனூரிலிருந்து உன் அக்காள் புருஷன் கிருஷ்ணசாமி எழுதுவது. இங்கே யாரும் நலமில்லை. உன் நலத்தை இந்தத் தடவை நான் விசாரிப்பதாகவும் இல்லை. போனில் திட்டினால் "டவர் இல்ல மாமா" என்று நழுவிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

என் மகள் கலைப்பிரியா பி.எஸ்சி. இயற்பியல் முடித்ததும், பி.எட். படித்து விழுப்புரத்திலேயே டீச்சராகட்டும் என்றேன். நீ டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்து, வானியலும் வானியற்பியலும் எம்.எஸ்சி. படி என்று ஏற்றிவிட்டாய். ஐதராபாத்தில் இடமும் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டுமாம். அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நெல்லிக்குப்பத்தில் ஒரு நல்ல சம்பந்தம் பார்த்தேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற வழியில் சாயங்காலம் வந்து பெண் பார்ப்பதாகச் சொன்னார்கள். நிறைந்த நாள், நானும் சரி என்றேன்.

வந்தார்களய்யா! தெருவில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அந்த விளக்குகளுக்காக நான் பஞ்சாயத்து ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று உனக்கே தெரியும். சம்பந்தியாக வேண்டியவர் காரிலிருந்து இறங்கியதும் நேரே நம் எருக்குழியில் கால் வைத்தார். "தெருவுல கரண்டு இல்லீங்களா?" என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்வதற்குள், உன் மருமகள் மாடியிலிருந்து கத்துகிறாள்: "தெரு லைட்டு போடற டேங்க் ஆப்பரேட்டராண்ட நான்தாங்க சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். அமாவாசையிலதான் வானம் நல்லா தெரியும், மேல வாங்க!"

காலைக் கழுவிக்கொண்டு மேலே போனார்கள். காயப்போட்டிருந்த மல்லாட்டையெல்லாம் மிதிபட்டு, ஓடு நொறுங்கிக் கடலை சிதறியது, அதைக்கூட மன்னித்தேன். இவள் அந்த மனுஷரைக் குழாய்க்குள் கண்ணை வைக்கச் சொன்னாள். வைத்தார். "இன்னாம்மா இது, வளையம் போட்டுக்கினு?" என்றார்.

"அதாங்க சனி."

கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேர் எதிரே யாராவது நிற்பார்களா மச்சான்? ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு ஓடிவருகிற சாமி அது. இவரோ நேருக்கு நேர், அதுவும் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்துவிட்டார். "அய்யோ, எனக்கு ஏழரை நடந்துக்கினு இருக்குதும்மா!" என்று அலறினார். இவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் இல்லையா? "அது நம்மள பாக்கலீங்க, நாமதான் அத பாக்குறோம்" என்றாள்.

பஜ்ஜியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். உன் அக்காள் வேணி சிரித்துக்கொண்டே அதைத் தின்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. வளர்த்தவன் நான், கெடுத்தவன் நீ. உடனே புறப்பட்டு வந்து, எம்.எஸ்சி.யும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று உன் வாயாலேயே அவளிடம் சொல். சொல்லாவிட்டால் இந்த வாசலை மிதிக்காதே.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
கிருஷ்ணசாமி

பின்குறிப்பு: அப்படி என்னதான் இருக்கிறது என்று, இதை எழுதிய மறுநாள் நானும் குழாய்க்குள் பார்த்தேன். ஓரமாக நின்றுதான். இவ்வளவு அழகான ஒன்றுக்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று கண் கலங்கிவிட்டது, உன் அக்காளிடம் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நானே அவளை ஐதராபாத்துக்கு அழைத்துப் போகிறேன், நீ விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. டெலஸ்கோப்பையும் எடுத்துப் போவேன் என்கிறாள். அங்கே பெரிதாக வைத்திருப்பார்கள், இது இங்கேயே இருக்கட்டும் என்று நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அடுத்த அமாவாசைக்கு டேங்க் ஆப்பரேட்டரிடம் நான் பேசிவிட்டேன்.