இடப்பக்க முன் தண்டும் என் முதுகெலும்பும்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் புஷ்பராஜுக்கு,

நானும் உமது அக்கா கொன்ஸ்ரன்ஸும் ஆண்டவர் கிருபையால் நல்ல சுகம். நீர்கொழும்பில் உம்முடைய வீட்டார் எல்லாரின் சுகத்துக்காகவும், விசேஷமாக உமது தோளின் சுகத்துக்காகவும் மன்றாடுகிறோம். பெருநாள் பவனியில் அந்தோனியாரின் சுரூபக் கூட்டை என் இடத்தில் நின்று சுமக்க, அந்தத் தோளுக்குப் பஞ்சு மெத்தை தைத்துவிட்டீராம். பாவம் மச்சான், நூல் வீண்.

போன வருஷம் மருதானையில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து நான் மணிக்கட்டை முறித்தது உண்மை. அதைக் கோயில் கமிட்டியின் காதில் ஊதியது யாரென்று நான் கேட்கவில்லை, நீரும் சொல்ல வேண்டாம். ஐம்பத்தைந்து தாண்டினவர்கள் எலும்பு ரிப்போர்ட் கொடுத்தால்தான் கூடு சுமக்கும் தண்டைத் தொடலாம் என்று கமிட்டி விதி எழுதிவிட்டது. எனக்கு ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருஷமாக இடப்பக்க முன் தண்டு என் தோளில். அது போனால் நான் எந்த முகத்தோடு சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போவது? ஆகவே உமது அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். ஊசி இல்லை, வெட்டு இல்லை. முதலில் ஒரு கேள்வித்தாள்: சிகரட் உண்டா, தகப்பனுக்கு இடுப்பெலும்பு முறிந்ததா, உமக்கு ஏதும் முறிந்ததா? கடைசிக் கேள்விக்கு நான் மெல்ல இருமினேன். "ஓம், பஸ்ஸால விழுந்தவர்!" என்று உமது அக்கா சொன்ன சத்தத்துக்கு வெளியே நின்ற திரீவீல்காரனும் எட்டிப் பார்த்தான்.

பிறகு ஷபீகா என்ற பிள்ளை வந்து, "அங்கிள், மெட்டல் ஒண்டும் உடம்பில இருக்கப்படாது" என்றாள். மணிக்கூடு, பெல்ட், மோதிரம் எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். மேலே ஒரு கை போல மெஷின் ஊர்ந்தது. முடிந்தது. மச்சான், சைபர் என்றால் இளந்தாரியின் எலும்பு, மைனஸ் என்றால் பயம். என் முதுகெலும்பு பிளஸ் மூன்று! படத்தில் கீழ் முள்ளெலும்பு ஒன்று வட்டமாக, வெள்ளை வெளேரென்று பூரணச் சந்திரன் மாதிரிப் பிரகாசிக்கிறது. துறைமுகத்தில் உழைத்த உடம்பு என்று பக்கத்து வீட்டாருக்கெல்லாம் காட்டிவிட்டேன். (நான் அங்கே கிளார்க் என்பதை நீர் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.)

உமது பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பில் சிலுவை போட்டுவிடும்.

இப்படிக்கு,
இரும்பெலும்பு அத்தான்
சூசைதாசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஸ்கேன் சென்டரிலிருந்து போன். "அங்கிள், அந்தச் சந்திரன் எலும்பில்ல. டொக்டர் பெரிசாக்கிப் பாத்தார், அதில ஒராள் பிள்ளையத் தூக்கிக்கொண்டு நிக்கிறார்."

கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தேன். "நீங்க விழுந்த நாளில இருந்து எல்லாக் காற்சட்டைப் பட்டியிலயும் அந்தோனியார் மெடல் தைச்சிருக்கிறன். கழட்டச் சொன்னது மெட்டலைத்தானே, அந்தோனியாரையா?" என்றாள்.

மறுபடி போனோம். அந்தோனியார் இல்லாமல் நான் மைனஸ் இரண்டு. துணைக்கு வந்தவளையும் ஷபீகா படுக்கவைத்துப் பார்த்தாள்: பிளஸ் ஒன்று, மெடல் கிடையாது! அவளின் ரிப்போர்ட்டைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்க, ஃபாதர் கமிட்டியின் விதியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஆம்பிளை எண்டு எங்கையும் எழுதேல்லையே" என்றார். தண்டு எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை, மச்சான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கல்சியம் குளிசையும் விழுங்கிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நடக்கப்போகிறேன்.

வரும்போது அந்தப் பஞ்சு மெத்தையை மறக்காமல் கொண்டு வாரும். உமது அக்காவின் தோளுக்கு அளவாக இருக்கும்.