ஒரு பக்கத்துக்கு இருபத்துநாலு சக்கரம்

“பெட்டியப் பிரிச்சா வாங்கியே ஆகணும் சார்,” என்று மாடல் கடைக்காரர் மூன்றாவது முறையாகச் சொன்னார். அதற்குள் சர்வேயர் பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தை வெர்னியர் அளவுகோலில் கவ்வியிருந்தார்.

“அரை மில்லிமீட்டர் கொறையுது.”

“எதுல?”

“சக்கரத்துல. நிஜ டாங்கியில சக்கரம் எண்பது சென்டிமீட்டர். மாடல் அதுல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு. வகுத்தா இருபத்திரண்டே முக்கால் மில்லிமீட்டரத் தாண்டணும். இது இருபத்திரண்டரகூட வரல.”

“அரை மில்லிமீட்டர யாரு சார் பார்க்கப் போறா?”

“ஒருத்தர் பார்ப்பாரு,” என்றார் சர்வேயர்.

அந்த ஒருத்தருக்கு ஊரில் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடாவருடம் நடக்கும், குட்டி டாங்கிகளை ஒட்டிச் செய்யும் மாடல் போட்டிக்கு அவர்தான் நடுவர். கையில் தோசைக்கரண்டி அளவுக்கு ஒரு பூதக்கண்ணாடியுடன் மேஜை மேஜையாக வருவார். வண்டியின் மேல் ஒரு விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போவார். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே விரல் நிற்கும். “இது சரியா?” என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், ஒரு மார்க் போச்சு.

இரண்டு வருடம் முன்பு பீரங்கிக் குழாயின் அடியில் சர்வேயர் ஒரு சின்னப் பிசிறு விட்டிருந்தார். அதன்மேல் பெயின்ட் அடித்து, பெற்ற தாய்க்கும் தெரியாதபடி மறைத்திருந்தார். விரல் அங்கே நின்றது. போன வருடம் ஹெட்லைட். எந்த மாதத்து வண்டிக்கு எத்தனை ஹெட்லைட் என்பது உலகத்திலேயே நாலு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தார். ஐந்தாவது ஆள் நேராக வந்து அதன்மேல் விரலை வைத்தார். இரண்டு வருடமும் இரண்டாம் பரிசு.

இந்த வருடம் அப்படி ஆகக் கூடாது. சர்வேயரின் மனைவிக்கு ஏழாம் மாதம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு சின்ன அறை. அதில் நாற்பத்தொரு டாங்கிகள் குடியிருந்தன.

“ஏங்க, பொறக்கப்போற பிள்ளய நான் எங்க போடறது, பீரங்கி மேலயா?” என்று கேட்டுவிட்டு, அவருடைய அளவு நாடாவையே எடுத்து அறையை அளந்து காட்டினாள். கணக்கு கச்சிதமாக இருந்தது. சர்வேயர் பெண்டாட்டி அல்லவா!

கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. முதல் பரிசு வாங்கினால் ஹாலில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. வாங்காவிட்டால் நாற்பத்தொன்றும் மச்சான் வீட்டுக்குப் போகும். மச்சானுக்கு இரட்டைப் பிள்ளைகள், நாலு வயது. போன முறை வந்தபோது டிவி ரிமோட்டையே கடித்துத் துப்பியவர்கள்.

ஆகவேதான் கடையில் வெர்னியர்.

இந்த வருடப் போட்டிக்குத் தலைப்பு ‘டைகர்’, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் ஓட்டிய கனமான டாங்கி. கடையில் மூன்று கம்பெனிப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் உடம்பு சரி, சக்கரம் தப்பு. இன்னொன்றில் சக்கரம் சரி, மேல்கூண்டு ஒரு மில்லிமீட்டர் குட்டை. மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் சங்கிலிப் பட்டை வேறு வருடத்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று அவர் விழித்துக்கொண்டிருக்கும்போது, முழங்கையில் மாவுடன் பேக்கரிக்காரர் உள்ளே வந்தார்.

“இதுல டாங்கிதானே இருக்கு?” என்று கைக்கு எட்டிய பெட்டியைத் தட்டிக் கேட்டார்.

“ஆமா சார்.”

“குடுங்க. நானும் போட்டியில கலந்துக்கலாம்னு இருக்கேன். சும்மா ஒரு பொழுதுபோக்கு.”

அரை நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். சர்வேயருக்கு அந்த மனிதர்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. சிங்கத்தின் குகைக்குள் விசிலடித்துக்கொண்டு போகிறானே, பாவம்.

அவர் முதல் பெட்டியையும் இரண்டாவது பெட்டியையும் சேர்த்து வாங்கினார். இதன் உடம்பு, அதன் சக்கரம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அதன் சக்கரம் இதன் அச்சில் ஏறவில்லை. துளையைப் பெரிதாக்கினார். ஒரு பக்கத்துக்கு இருபத்துநாலு சக்கரம், இரண்டு பக்கமும் நாற்பத்தெட்டுத் துளை. ஏறியது, ஆனால் ஆடியது. ஆட்டத்தை நிறுத்தப் பசை வைத்தார். வண்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அதைச் சமன் செய்ததில் சங்கிலியில் ஒரு கண்ணி பற்றாமல் போயிற்று. ஒரு கண்ணிக்காக மூன்றாவது பெட்டியையும் வாங்கினார். அந்தக் கண்ணியில் பனியில் வழுக்காமலிருக்க ஒரு பல் இருந்தது, மற்றதில் இல்லை. மொத்தச் சங்கிலியையும் கழற்றினார்.

“ஏங்க, மூணு வண்டி வாங்கி ஒரு வண்டிகூடத் தேறலயா?”

“தேறும். நீ அந்தப் பக்கம் தும்மாம இரு.”

ஆபீசிலும் இதே நினைப்பு. ஒரு வீட்டுமனையை அளந்து, வரைபடத்தில் ‘1:35’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனைக்காரர் வந்து, “சார், என் நிலம் இவ்வளவு சின்னதா?” என்று கண் கலங்கினார்.

தப்பைத் தேடத் தேட அறிவு வளர்ந்தது; அறிவு வளர வளரத் தப்பும் வளர்ந்தது. நான்கு புத்தகங்கள் வரவழைத்தார். ஒவ்வொரு புத்தகமும் இரண்டு புதுத் தப்புகளைக் காட்டியது. ஒவ்வொன்றாகத் திருத்தினார். போட்டிக்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு டைகர் தயார். எந்தப் பக்கம் பார்த்தாலும், எதை வைத்து அளந்தாலும், சரி. நாற்காலியில் சாய்ந்தவருக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் காப்பி குடித்துக்கொண்டே, சும்மா இருக்க முடியாமல், முந்தின நாள் தபாலில் வந்திருந்த ஐந்தாவது புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. ‘அந்த மாதம் வெளிவந்த வண்டிகள் சிலவற்றில், பின்பக்கத் தகட்டின் இடது மூலையில் ஒரு கொக்கி கூடுதலாக இருந்திருக்கலாம்.’

அவர் வண்டியில் கொக்கி இல்லை.

ஒட்டலாமா? ஒட்டினால் போட்டிக்குள் பசை காயாது. காய்ந்தாலும், ‘இருந்திருக்கலாம்’ என்றால் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒட்டினாலும் தப்பு, ஒட்டாவிட்டாலும் தப்பு.

“கெளம்பலயா? உங்க மச்சான் அட்டப்பெட்டியோட வாசல்ல நிக்கிறான்,” என்றாள் மனைவி.

“அட்டப்பெட்டி எதுக்கு?”

“ஒருவேள தேவப்பட்டா.”

போட்டி மண்டபத்தில் சர்வேயர் டைகரைச் சுவரோரமாக வைத்து, பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பினார். பக்கத்து மேஜை பேக்கரிக்காரருடையது. அவருடைய வண்டியைப் பார்த்ததும் சர்வேயருக்கு ஒரு கணம் தன் கவலையே மறந்துபோயிற்று. சங்கிலி பின்னுக்கு முன்னாக மாட்டியிருந்தது. பீரங்கி லேசாக வானத்தைப் பார்த்தது. சக்கரங்களுக்கு நடுவில் நாலு துளையுடன் ஏதோ ஒன்று வெள்ளையாக இருந்தது.

“இது என்னங்க?”

“சட்டப் பட்டன் சார். ஒரு சக்கரம் சோபாவுக்கு அடியில உருண்டு போயிருச்சு. நல்லா பொருந்திடுச்சு இல்ல?” பேக்கரிக்காரர் முகமெல்லாம் சிரிப்பு.

பூதக்கண்ணாடி வந்தார். அவருடைய முழங்கையை அவர் மனைவி பிடித்திருந்தார். அந்த அம்மாளின் இன்னொரு கையில் மார்க் நோட்டு. முதலில் பேக்கரிக்காரரின் மேஜை. விரல் சங்கிலிமேல் ஊர்ந்தது, சக்கரங்களைத் தொட்டது, பட்டன்மேல் நின்றது. சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இது சரியா?”

“சூப்பரா இருக்கு சார்!”

நடுவர் கொஞ்ச நேரம் பேக்கரிக்காரரையே பார்த்தார். பேக்கரிக்காரர் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

“ம்,” என்றார் நடுவர். விரல் நகர்ந்தது. “கொறைக்க ஒண்ணுமில்ல.”

சர்வேயருக்குத் தலை சுற்றியது. பட்டன் எப்படிச் சரியாகும்? போரின் கடைசி நாட்களில் தட்டுப்பாடு வந்து, நாலு துளைச் சக்கரம் என்று ஏதாவது செய்தார்களா? ஆறாவதாக ஒரு புத்தகம் இருக்கிறதா, தான் படிக்காதது?

அதற்குள் பூதக்கண்ணாடி எதிரே நின்றார். விரல் பீரங்கிக் குழாயில் இறங்கியது. பிசிறு இல்லை. சர்வேயர் மூச்சு விட்டார். ஹெட்லைட். ஒன்றே ஒன்று, நட்டநடுவில். சக்கரங்கள், சங்கிலி, மேல்கூண்டு எல்லாவற்றையும் விரல் வழுக்கிக்கொண்டு கடந்தது. சர்வேயர் மனதுக்குள் கண்ணாடி அலமாரிக்கு ஆணி அடிக்க ஆரம்பித்தார்.

“திருப்புங்க,” என்றார் நடுவர்.

சர்வேயர் திருப்பினார். விரல் பின்பக்கத் தகட்டின் வலது மூலையில் தொடங்கி, புகைக்குழாய்களைத் தாண்டி, இடது பக்கமாக நகர்ந்தது. சர்வேயரின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை மேஜைமேல் விழுந்தது. விரல் இடது மூலைக்குப் போய் நின்றது. பூதக்கண்ணாடி உயர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு கண் முட்டை அளவுக்கு விரிந்து, சர்வேயரையே பார்த்தது.

“இது சரியா?”

“சார்... அது வந்து... சில வண்டியில மட்டும்... இருந்திருக்கலாம்னுதான்...”

“ஒண்ணு கொறச்சுக்கோ,” என்றார் நடுவர் மனைவியிடம்.

முதல் பரிசு பேக்கரிக்காரருக்கு. ஒரே ஒரு மார்க் வித்தியாசம். கைதட்டல் நடுவே அவர் மேடையேறும்போது, பட்டன் கழன்று விழுந்து உருண்டது. சர்வேயர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார். மச்சான் மண்டப வாசலில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டத் தொடங்கியிருந்தான். அந்தச் சத்தம் சர்வேயரின் நெஞ்சைக் கிழித்தது.

“விடுங்க,” என்றாள் கூட வந்திருந்த மனைவி. அவளுக்கே பாவமாக இருந்தது. “ரெண்டு மூணு டாங்கிய ஒளிச்சு வெச்சுக்கோங்க. நான் பார்க்கல.”

அவரால் விட முடியவில்லை. நடுவர் தள்ளி நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். சர்வேயர் நேரே அவருடைய மனைவியிடம் போனார்.

“அம்மா, மார்க்கப் பத்தி நான் கேட்கல. ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கொக்கி விஷயம் எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும். சார் எந்தப் புஸ்தகத்துல பார்த்தாரு? பேரு மட்டும் சொல்லுங்க, எப்படியாவது வாங்கிப் படிச்சிடறேன்.”

அந்த அம்மாள் அவருடைய வேர்த்த முகத்தைப் பார்த்தார். கணவர் கேட்கும் தூரத்தில் இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். மார்க் நோட்டை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய சொல்லிடாதீங்க தம்பி, அவருக்குக் கண்ணு மங்கி மூணு வருஷமாச்சு, வண்டியெல்லாம் ஒரு மொத்தையாத்தான் தெரியும், ஆளு மூஞ்சிதான் ஓரளவு தெரியும்; எந்த இடத்துல வெரல வெச்சா உங்க மூஞ்சி மாறுதோ, அங்க ஒரு மார்க்கக் கொறப்பாரு.”