எதிர் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு என் சொந்த மனைவியை எனக்கு எதிரே உட்கார வைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு அப்புறம் வந்து சிரியுங்கள்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை, முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஊரில் பாதிப் பேருடைய கண்கள் எனக்கு அத்துப்படி. வீட்டில் எனக்கு அத்துப்படியானது என் மனைவியின் வலது காது. சாப்பாட்டு மேசையிலிருந்து அடுப்படிக் கதவு வழியாகப் பார்த்தால் அந்த ஒரு காதும் பாதிக் கொண்டையும்தான் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் நான் மேசையில் இருப்பேன், அவள் அடுப்படியில் இருப்பாள். சப்பாத்தி அடுப்பிலிருந்து கிளம்பி, உப்பின வயிறு அமுங்குவதற்குள் என் தட்டில் வந்து விழ வேண்டும். இது என்னுடைய சின்ன பலவீனம். ஆறிப்போன சப்பாத்தியைச் செருப்புத் தோல் என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மற்றபடி யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காத ஆள் நான். நான் கை கழுவின பிறகு அவள் அடுப்போரமே நின்றபடி ஏதோ வாயில் போட்டுக்கொள்வாள். என்ன போட்டுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

முன்பு அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. அடுப்பு, பாய், டிரங்குப் பெட்டி, நாங்கள், எல்லாம் அதற்குள். அடுப்பு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவள் உட்கார்ந்தபடியே ஒன்று சுட்டு எனக்குப் போடுவாள், ஒன்று சுட்டுத் தனக்குப் போட்டுக்கொள்வாள், நடுவில் கதை சொல்வாள். ரயில் நிலையத்தில் தவறவிட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் அவளுக்கு வேலை. மனிதர்கள் எதையெல்லாம் தொலைக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்! ஒற்றைச் செருப்பு, ஊன்றுகோல், கல்யாண ஆல்பம், ஒருமுறை மாமியார். அவரவர் குரலில் அவள் நடித்துக் காட்டுவாள். எனக்குப் புரையேறும்.

பிறகு வீடு பெரிதானது. அடுப்படிக்கு ஒரு சுவர் வந்தது. கதைகள் எல்லாம் தொலைபேசி வழியாக அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டன. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நடுத்துண்டு மட்டும் கிடைக்கும். போன மாதம் ஒரு நாள், "அப்புறம் பார்த்தா அது அவரோட பல்செட்டே இல்லக்கா!" என்று காதில் விழுந்தது. யாருடைய பல்செட்? அவர் எப்படி அதை மாட்டிக்கொண்டு போனார்? இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டேன்.

"அது பழைய கதை, விடுங்க. இன்னொரு சப்பாத்தி போடவா?"

எனக்கு வேண்டியது சப்பாத்தி இல்லை, அவள்தான். எதிரே, முழு முகத்தோடு. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தினவன் மனைவியிடம் போய், "உன்னைப் பார்க்கணும் போல இருக்கு" என்றால், நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்ப்பாள்.

அப்போதுதான் கண் பரிசோதனைக்கு வந்த வங்கி மேலாளர் அம்மாள் ஒரு புது ஓட்டலைப் பற்றிச் சொன்னார். நம் சாப்பாட்டையே வேடிக்கையாக மாற்றிக் கொடுப்பார்களாம். பதினோரு அயிட்டம், ஒவ்வொன்றாக வரும். முடிய இரண்டரை மணி நேரம். "நடுவுல எழுந்திருக்கவே விட மாட்டாங்க சார்" என்று அவர் குறையாகச் சொன்னார். எனக்கு அது தேவவாக்காக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு எழுதிய கண்ணாடிச் சீட்டில் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் இடம் மாறிப்போய், திருத்திக் கொடுத்தேன்.

நான் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்ய மாட்டேன். புதன்கிழமை மதியம் தனியாகப் போனேன். பெரிய மீசை வைத்த பரிமாறுபவர் முதலில் ஓர் ஊசியைக் கொண்டுவந்தார். டாக்டர் போடுகிற அதே ஊசி, முனை மட்டும் இல்லை. நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"சார், உள்ள இருக்கிறது ரசம். வாயில பீச்சிக்கணும்."

அடுத்து ஒரு தட்டில் ஐந்து கூழாங்கல். அதில் இரண்டு உருளைக்கிழங்கு, மூன்று நிஜக் கல், கண்டுபிடித்துச் சாப்பிட வேண்டும் என்றார். கண் பரிசோதிக்கிறவனிடமா இந்த விளையாட்டு? உற்றுப் பார்த்தேன், தேர்ந்தெடுத்தேன், கடித்தேன். கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை போயிற்று. வீட்டில் வேர்க்கடலை கடித்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் உருளைக்கிழங்கு இடமிருந்து இரண்டாவதும் நான்காவதும் என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் எழுந்தேன்.

வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை வெளியில சாப்பிடலாமா?"

"ஏன், நான் செய்யறதுக்கு என்ன கேடு?"

"கேடு ஒண்ணும் இல்ல. உனக்கு ஒரு ஓய்வு."

"இருபத்திரண்டு வருஷமா இல்லாத ஓய்வு?"

"அதான் சேர்த்து வச்சுத் தரேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கடையில ஏதாவது தப்பு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். பிறகு, "சரி, போவோம்" என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சரியாக ஒரு மணி. கதவைத் திறந்ததுமே மீசைக்காரர் கை கூப்பினார்.

"வாங்க சார், வாங்க! அதே மேசைதானே? போன தடவை மாதிரியே ரெண்டு நாற்காலி போட்டிருக்கேன்."

என் மனைவி நின்றாள். "போன தடவையா?"

"வேற யாரையோ நினைச்சுச் சொல்றார்" என்றேன்.

"பல்லு இப்ப எப்படி இருக்கு சார்?" என்றார் அந்த உத்தமர்.

அவள் வந்து உட்கார்ந்தாள். எனக்கு எதிரே! ஆசைப்பட்டபடி முழு முகம். ஆனால் அந்த முகத்தை அந்த நேரத்தில் நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வேர்க்கடலையா அது?"

"வந்து..."

"ரெண்டு நாற்காலி. யாரு அவ?"

"ஐயோ, ஒருத்தரும் இல்லம்மா! தனியாத்தான் வந்தேன்!"

"தனியா வர்ற ஆளுக்கு ரெண்டு நாற்காலி எதுக்கு? ஒண்ணு உங்க பல்லுக்கா?"

மீசைக்காரர் ரச ஊசிகளோடு வந்து நின்றார். நிலைமை புரிந்தது போலிருக்கிறது. "அம்மா, சார் மேல சந்தேகப்படாதீங்க. சார் தனியாத்தான் வந்தார். எதிர்ல காலி நாற்காலி. அதைப் பார்த்து, 'இன்னிக்குக் கவுன்டர்ல என்ன நடந்தது, சொல்லேன்... அந்தப் பல்செட் யாரோடது, சொல்லேன்'னு கேட்டுக்கிட்டே இருந்தார். நாங்க உள்ளேருந்து எட்டிப் பார்த்தோம். சமையல்கார அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. வெங்காயம்தான் நறுக்கிட்டு இருந்தாங்க, இருந்தாலும்..."

எனக்கு மேசைக்கடியில் போய்விடலாம் போல இருந்தது. அவள் என்னையே பார்த்தாள். அப்போது நானும் பார்த்தேன். அவளுடைய இடது கண்ணில், கருவிழி ஓரமாக, ஒரு சின்னப் புள்ளி உண்டு. அந்த ஒற்றை அறை நாள்களில் தினமும் பார்த்த புள்ளி. அது இருந்ததே எனக்கு மறந்து போயிருந்தது. எத்தனை ஆயிரம் கண்களைப் பார்த்திருக்கிறேன், இந்த ஒன்றை விட்டுவிட்டேனே!

"நாற்காலி என்ன பதில் சொல்லுச்சு?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல."

"என்னை மாதிரியேதான்" என்று சொல்லி, ஊசியை எடுத்து ஒரே அழுத்தில் ரசத்தைக் குடித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அயிட்டம் அட்டையைப் படிக்க ஆரம்பித்தாள்.

"என்ன இது?"

"கண்ணாடி. உங்க கடையில கூட விப்பாங்களே."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க எதிர்க்கடையில வாங்கினேன்."

"எதிர்க்கடையா! ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். வீட்டுலதானே போட்டுக்கறேன்."

கூழாங்கல் தட்டு வந்தது. இழந்த மானத்தை இங்கேயாவது மீட்கலாம் என்று, "இடமிருந்து ரெண்டாவதும் நாலாவதும்" என்றேன், பெரிய நிபுணன் போல. அவள் ஸ்பூனால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். முதலாவதையும் ஐந்தாவதையும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இந்த முறை வரிசையை மாற்றி வைத்துவிட்டிருக்கிறார்கள். எனக்கு மூன்று கல் மிச்சம்.

அதற்கடுத்து ஐஸ்கிரீம் கூம்பில் தயிர்சாதம், அதற்கடுத்து குடை போல விரித்த அப்பளம். அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். இதுதான் நேரம் என்று கேட்டேன்.

"அந்தப் பல்செட்..."

"அதுவா? ஒரு பெரியவர், நல்லாக் கோட்டு போட்டுக்கிட்டு வந்தார். 'என் பல்லைத் தொலைச்சிட்டேன்'னு சொல்றார். ஆனா அவர் வாயில பல்லு இருக்கு!"

அப்படியே அந்தப் பெரியவர் குரல். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். சரியாக அப்போது மீசைக்காரர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த தட்டோடு வந்து, கிண்ணத்தைத் தூக்கினார். புகை விலகியது. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு சப்பாத்தி, பந்து போல உப்பி, ஆவி பறக்க நின்றது.

அவள் கதையை அப்படியே விட்டுவிட்டாள். இரண்டு விரலால் சப்பாத்தியை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். மென்று முடிக்கும் வரை திறக்கவே இல்லை.

"நல்லா இருக்கா?"

"சூடா இருக்கு" என்றாள். விரலைத் துடைத்துக்கொண்டே, "உப்பினது உப்பினபடியே சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றாள்.

"அதான் கூட்டிட்டு வந்தேன்ல?" என்றேன் பெருமையாக. இப்படி ஒரு மண்டு உலகத்தில் இருக்க முடியுமா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "உங்களுக்கு என்ன வேணும்? நேரா சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். "தினமும் சாப்பிடும்போது நீ என் எதிர்ல உக்காரணும். கதை சொல்லணும். அவ்வளவுதான். அந்த ஒரே அறை வீட்டுல இருந்த மாதிரி." என் குரல் கொஞ்சம் பிசிறியது. ரசம் காரம் என்று சமாளித்தேன்.

"இவ்வளவுதானா? இதுக்கா ஒரு பல்லை விட்டீங்க? நாளையிலேருந்து உக்கார்றேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. பல்செட் கதையையும் நாளைக்கே சொல்றேன். ஆனா ஒண்ணு, உக்காந்த பிறகு என்னை எழுப்பக் கூடாது. கையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

மீசைக்காரர் சாட்சி. கையில் அடித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. அதை அதட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மாலை ஏழரை மணி. நான் உட்காருவதற்கு முன்பே அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை. முன்னால் தட்டு. எனக்குக் கண் நிறைந்து போயிற்று. எதிரே உட்கார்ந்தேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்தும் தட்டில் ஒன்றும் வரவில்லை.

"சப்பாத்தி?"

"மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன். உருட்டி வச்சிருக்கேன். கல்லு காயுது."

"யாரு போடறது?"

"என்னை எழுப்பக் கூடாதுன்னு சத்தியம் பண்ணினது யாரு?"

"முன்னாடியே சுட்டு வச்சிருக்கலாமே!"

"செருப்புத் தோலையா? நான் சூடாத்தான் சாப்பிடுவேன். அது என்னோட சின்ன பலவீனம்."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். வேறென்ன செய்வது? முதல் சப்பாத்தி ஏதோ ஒரு நாட்டின் படம் போல வந்தது. இரண்டாவது கொஞ்சம் உப்பியது. அமுங்குவதற்குள் ஓடிப்போய்த் தட்டில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். "இன்னொண்ணு" என்றாள். அந்த முகத்தைப் பார்க்க எவ்வளவோ ஆசையாக இருந்தது. ஆனால் கல் புகைந்தது. அங்கிருந்து பார்த்தால் கதவு வழியாக அவளுடைய இடது காது தெரிகிறது. இடது காதை நான் பார்த்து நாளாயிற்று.

நின்றபடி நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்து குரல் கேட்டது. அந்தப் பெரியவர் குரல், நடிப்போடு. "...அப்புறம் பார்த்தா அது அவரோட பல்செட்டே இல்ல!" ஒரே சிரிப்பு. அக்கா தொலைபேசியில் இருக்கிறாளோ என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். தொலைபேசி அலமாரியில் இருந்தது. அவள் என் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரோட பேசறே?"

"உங்களோடதான் பேசிட்டிருக்கேன். நீங்க நடுவுல வராதீங்க, உள்ள போங்க, சப்பாத்தி கருகுது."