குந்து சாரும் கன்னியம்மா வீட்டுத் தண்ணீரும்

உட்கார்ந்த இடத்திலேயே உத்தியோகம் பார்த்தவர்கள் இந்த மாநிலத்தில் ஆயிரம் பேர் உண்டு. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் குந்து சார் ஒருவர்தான்.

ஆவடிப் பக்கத்து நகராட்சி ஒன்றில் நான் ஆணையராக இருந்தபோது அவர் புகார்ப் பிரிவு உதவியாளர். புகாரை முடிப்பது எங்களுக்குச் சுலபம். செல்போனில் ஒரு படம் ஏற்றினால் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை விழும். எரியாத தெருவிளக்குக்குப் பட்டப்பகலில் எடுத்த படம் வந்து, அதற்கும் பச்சை விழுந்தது.

குந்து சார் மட்டும், புகார் கொடுத்தவர் தன் வாயால் ‘சரியாகிவிட்டது’ என்று சொன்னால்தான் முடிப்பார். சொல்லும்வரை அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார். முதலில் டீ, பிறகு பேப்பர், அப்புறம் டிவி ரிமோட். அண்ணனூரில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் இவரைப் பெரியப்பா என்று நினைத்துக் காலில் விழுந்தார்களாம். ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, “குப்பை எடுத்தாங்களா, அத்த மட்டும் சொல்லிடுங்க” என்றாராம். குப்பை கிடந்தபடியே கிடக்க, “எல்லாம் சரியாப் போச்சு சார், கெளம்புங்க” என்று கும்பிட்டு அனுப்பினார்கள். எங்கள் நகராட்சிக்கு நல்ல பெயர் வந்தது இப்படித்தான்.

முத்தாபுதுப்பேட்டை கன்னியம்மாவிடம் இது பலிக்கவில்லை. மழை பெய்தால் அடைபட்ட கால்வாய்த் தண்ணீர் அவள் வீட்டுக்குள் வரும். மகளுக்கு நிறைமாதம். தூர்வாரும் கோப்போ மதிப்பீடு, டெண்டர், மன்ற ஒப்புதல் என்று நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

குந்து சார் போய் உட்கார்ந்தார்.

“பொங்கல் வரிக்கும் குந்திகினு இரு நைனா. சரியாச்சுன்னு என் வாயால வராது” என்றாள் கன்னியம்மா.

“இருக்கேன்மா. டீயில சக்கரை கம்மியா போடு.”

மதியம் மழை பிடித்துக்கொண்டது. எனக்குப் போன் வந்தது.

“சார், வெள்ளத்துல மாட்டிக்கினேன்.”

“எவ்வளவு தண்ணி?”

“முட்டி வரிக்கும்.”

“முட்டி அளவுதானே, நடந்து வாங்க.”

“வந்துடலாம் சார். வந்துட்டா பம்பு அனுப்ப மாட்டீங்களே. பொண்ணு வேற கட்டில் மேல குந்திகினு அழுவுது.”

விதி அவருக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். மனுதாரர் வீட்டுத் தண்ணீருக்கு டெண்டர் வேண்டும். பணியில் இருக்கும் ஊழியர் வெள்ளத்தில் சிக்கினால் ஆணையரின் வாய்மொழி உத்தரவே போதும். பம்பும் பொக்லைனும் கிளம்பின. அடைப்பை உடைத்ததும் கால்வாய் ஓடத் தொடங்கியது; வீட்டுக்குள் நின்ற தண்ணீரைப் பம்பு இறைத்தது.

பம்போடு ஆணையரும் போகவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. போயிருந்தேன்.

கன்னியம்மா துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள். “சரியாச்சு, எய்திக்கோ. ஆனா போயிடாத. பக்கத்து ஊட்ல சோறு சொல்லிகீறேன், துன்னுட்டு போ.”

அவரை எழுந்து போகச் சொல்லாத வீடு, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். அவர் சாப்பிட்டு வரும்வரை ஜீப்பை நிறுத்திவைத்துக் காத்திருந்தேன். ஈரப் பேண்ட்டோடு அந்த மனிதரைப் பஸ்ஸில் அனுப்ப மனம் வரவில்லை.