கருப்பி வெளுத்த கதை

ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்பு போய்விட்டது. செர்வே பாத்திரம் தேய்க்கும் எஃகு நாரைச் சமையலறை மேசைமேல் வைத்தார். துப்பாக்கிக் குழலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். போனது போனதுதான்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" அடுப்புப் பக்கமிருந்து அவர் மனைவி ஒதில் திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல. சின்னதா ஒரு துரு. லேசாத் தேய்ச்சேன்."

"தூசி மட்டும் தட்டச் சொன்னாரே தலைவர்?"

"துருவும் ஒரு மாதிரி தூசிதானே?"

"அதை அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவரிடம் போய்ச் சொல்லத்தான் முடியாது. மார்ஷோவால் என்ற அந்த ஊரில் கைத்துப்பாக்கிக்குப் பெயரே கருப்பி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கேப்டன் ரெனார் என்பவர் அந்த ஒற்றைத் துப்பாக்கியோடு பாலத்தில் நின்று ஒரு குதிரைப் படையையே திருப்பி அனுப்பினாராம். நவம்பர் மாதம் புனித ஹூபேர் திருநாளன்று அதைச் சிவப்புப் பட்டுத் திண்டில் வைத்து ஊர்வலம் போவார்கள். பாலத்தின் நடுவில் திருநாள் சங்கத் தலைவர் ஒக்தாவ் அதைக் கையிலெடுத்து முத்தமிடுவார். பிள்ளைகள் 'கரியைவிடக் கரியவளே' என்று பாடுவார்கள்.

இருபத்திரண்டு வருஷமாகத் திண்டைச் சுமந்தவரும் ஒக்தாவேதான். இந்த வருஷம் அவருடைய முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது. தபாலாபீஸில் பார்சல் நிறுக்கும் செர்வேயைக் கூப்பிட்டு, "நீ நிதானமான ஆளு. நாலு நாள் உன் வீட்டுல இருக்கட்டும். தூசி தட்டு, அவ்வளவுதான். வேற எதுவும் வேண்டாம், புரியுதா?" என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

செர்வே ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருஷமாகியும் ரொட்டிக் கடையில் அவரை 'அக்கரைக்காரர்' என்றுதான் சொல்வார்கள். திண்டைச் சுமந்துவிட்டால் அந்தப் பெயர் போய்விடும் என்று நம்பியிருந்தார்.

"ஒதில், இங்க வாயேன். இது என்ன பாரு."

வெளுத்த இடத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கீறல் இல்லை. இரும்புக்குள் யாரோ வெள்ளிக் கம்பியை மயிரிழையாகப் பதித்திருந்தார்கள். கோடு எங்கே போகிறது என்று பார்க்க இன்னும் கொஞ்சம் தேய்த்தார். அது ஒரு திராட்சை இலையில் முடிந்தது. இலையிலிருந்து ஒரு கொடி கிளம்பியது. கொடியைப் பாதியில் விட்டுவிட்டு எந்த மனுஷனால் சாப்பிடப் போக முடியும்?

சாயங்காலத்துக்குள் குழல் முழுக்க வெளுத்துவிட்டது. கொடிகளுக்கு நடுவே ஒரு மான் நின்றது. அதன் கொம்புகளுக்கிடையே ஒரு சிறு சிலுவை. புனித ஹூபேர் காட்டில் கண்ட அதே மான். ஒவ்வொரு ரோமமும் தனித்தனி வெள்ளி இழை. ஒரு காதைப் பின்னால் சாய்த்து, யாரோ வரும் சத்தத்தைக் கேட்பதுபோல் நின்றது.

ஒதில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கோயிலுக்குள் நுழைபவள்போல் ஏப்ரனையும் அவிழ்த்து வைத்தாள்.

"மூச்சு விடுதுங்க," என்றாள் மெல்ல.

"இதைச் செஞ்சவனுக்குக் கண்ணு போயிருக்கும், ஒதில்."

இருவரும் மேசைக்கு எதிரெதிரே அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்ந்தது. அந்த வாசனைதான் ஒதிலை முதலில் எழுப்பியது.

"அது சரி, ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க என்ன பாட்டு பாடும்? 'வெள்ளியைவிட வெள்ளையவளே'ன்னா?"

செர்வே ஒரு துணியை இழுத்துத் துப்பாக்கியை மூடினார்.

மறுநாள் மத்தியானம் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். இரும்பை முதலில் துருப்பிடிக்க விட்டு, பிறகு அந்தத் துருவைக் கொதிநீரில் போட்டால் கறுத்துவிடும் என்று அதில் போட்டிருந்தது. குழலைக் கட்டையிலிருந்து கழற்றி உப்புநீர் தடவி, குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து ஆவியில் தொங்கவிட்டார். ஒதில் குளிக்கத் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய சூப் பானையில் துப்பாக்கி கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு இரும்பு ரசமா?"

"கறுக்குது ஒதில், கறுக்குது!"

கறுக்கத்தான் செய்தது. பானையிலிருந்து எடுத்தபோது இரும்பு நள்ளிரவு வானம் மாதிரி இருந்தது. ஆனால் வெள்ளி கறுக்கவில்லை. இருட்டான காட்டில் மான்மேல் மட்டும் நிலா விழுந்ததுபோல், நேற்றைவிட நாலு மடங்கு ஜொலித்தது.

செர்வே நாற்காலியில் சாய்ந்தார். "இது தெருக்கோடியிலிருந்தே தெரியுமே!"

"முட்டை சாப்பிட்டா வெள்ளிக் கரண்டி கறுத்துப்போகும்ல?" என்றாள் ஒதில்.

சொல்லியிருக்க வேண்டாம். பன்னிரண்டு முட்டைகளை வேகவைத்து உடைத்து, அவள் தொப்பிப் பெட்டிக்குள் பரப்பி, நடுவில் குழலைப் படுக்கவைத்து மூடினார் செர்வே. சனிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் குனிந்தார்கள்.

வெள்ளி கறுக்கவில்லை. மான் பொன்மானாகியிருந்தது. கொம்புகளின் நுனி மயில் கழுத்து நீலம். கொடிகளில் செம்பு நிறம் ஓடி, இலைகளின் ஓரத்தில் ஊதாவாக முடிந்தது.

"கடவுளே," என்றார் செர்வே. அழுகிறாரா கும்பிடுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"நீங்க இனிமே எதையும் தொடாதீங்க," என்றாள் ஒதில். "தொடத் தொட அழகாகித் தொலைக்குது."

அவர் கேட்கவில்லை. கைப்பிடியையாவது சரியாக வைத்துக்கொள்வோம் என்று அதன் அழுக்கைத் துடைத்து ஆளிவிதை எண்ணெய் தடவினார். அடுத்த நிமிஷமே, மந்தமாகக் கிடந்த வால்நட் மரத்துக்குள் நெருப்பு நாக்குகளாக வரிகள் எழுந்து வந்தன. செர்வே எண்ணெய்த் துணியை வாசலுக்கு எறிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒதில்தான் முடிவெடுத்தாள். கரி அடுப்புக்குப் பூசும் கறுப்பு மை டப்பாவைத் திறந்தாள். தூரிகையைக் கணவர் கையில் கொடுத்தாள்.

"பூசுங்க."

"மானைக் கொல்லச் சொல்றியா?"

"ஒளிஞ்சிக்கச் சொல்லுங்க. அது காட்டு மிருகம்தானே, பழகியிருக்கும்."

கொடியை முதலில் மூடினார். பிறகு சிலுவையை, பிறகு கொம்பை. அந்தச் சாய்ந்த காதுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. ஒதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக அதையும் மூடினார்கள்.

பத்து மணிக்குக் கருப்பி பழைய கருப்பியாகத் திண்டில் படுத்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர்கூட, "கம்பீரமா நடக்கிறீங்க செர்வே ஐயா," என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பித்தளை வாத்தியங்கள் முழங்கின. செர்வேயின் முதுகு தானாக நிமிர்ந்தது.

பாலத்தில் கால் வைத்ததும் முதல் துளி விழுந்தது.

"தலைவரே, சீக்கிரம் போயிடலாமா?" என்றார் செர்வே, உதட்டை அசைக்காமல்.

ஒக்தாவும் வானத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. "நட தம்பி, நட," என்றார்.

பாலத்தின் நடுவுக்கு வருவதற்குள் மழை கொட்டியது. சம்பிரதாயத்தை விட முடியாது. ஒக்தாவ் துப்பாக்கியை எடுத்து அவசரமாக முத்தமிட்டு உயர்த்திப் பிடித்தார். அவருடைய மீசையும் உதடும் கரியாகிவிட்டன. வெள்ளைக் கையுறை வழியாகக் கறுப்பு ஓடி முழங்கைவரை வழிந்தது. செர்வே கண்ணை இறுக மூடிக்கொண்டார். பத்தொன்பது வருஷம் ஆற்றோடு போயிற்று.

பாட்டு நின்றது. வாத்தியம் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

"மான்!" என்றது ஒரு குழந்தை.

செர்வே கண்ணைத் திறந்தார். தலைவரின் கையில், மழையில் கழுவப்பட்டு, பொன்மான் நின்றுகொண்டிருந்தது. நீலக் கொம்புகளிலிருந்து நீர் சொட்டியது. கேப்டன் ரெனாருக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த ஆண்கள் இப்போது மண்டி போட்டார்கள். பாதிரியார் குடையைக் கீழே போட்டார். ரொட்டிக் கடைக்காரர் வாய்விட்டு அழுதார். மேளக்காரர் மட்டும் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டார், மேளம் இடித்ததால்.

செர்வேயால் தாங்க முடியவில்லை. "தலைவரே, இது அற்புதமெல்லாம் இல்ல. நான்தான்..."

"பேசாதே," என்றார் ஒக்தாவ் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் கண்களிலும் நீர் வழிந்தது.

"இல்ல தலைவரே, நான் தேய்ச்சு..."

"வாயை மூடுன்னா மூடு!"

அப்போது தலைவரின் மனைவி லெயோனி அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கணவரின் கரி மீசையைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். கைக்குட்டையை மோந்து பார்த்தாள். பிறகு செர்வேயின் காதருகே குனிந்து கேட்டாள்:

"எங்க வீட்டுல பூசினது இருபத்திரண்டு வருஷம் மழை தாங்குச்சே தம்பி, நீ எந்தக் கடையில மை வாங்கினே?"